தலையெழுத்து

வியாழக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை
மார்ஸ்டல் நூலகத்தில் கணினி உதவி நேரம்.
காப்பி இலவசம். நானும்தான்.

ஐனர் வந்தார், மழைக்கோட்டைக் கழற்றாமல்.
பென் டிரைவை மேசையில் வைத்தார்,
கெட்டுப்போன மீனை வைப்பதுபோல்
கொஞ்சம் தள்ளி.

"படம். நேற்றுவரை திறந்தது."

என்ன செய்தீர்கள் என்று கேட்டால்
இந்த ஏரோ தீவில் எல்லாரும் சொல்வது
"ஒன்றுமே செய்யலியே".
இவர் சொன்னார்: "திருத்தினேன்."

கேமராவின் கடிகாரத்தை யாரும் சரிசெய்யவில்லை.
அதன் கணக்கில் என்றைக்கும்
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
படகை விற்றதோ இரண்டாயிரத்து ஒன்பது, செப்டம்பர் பதினான்கு.
அதற்கென்று தனியாக ஒரு மென்பொருளா என்று
படத்தை நோட்பேடில் திறந்திருக்கிறார்.

ஒரு ஜேபெக் படத்தை அப்படிப் பிளந்தால்
முதலில் தலையில் இரண்டு புள்ளி சுமந்த ஓர் எழுத்து.
அடுத்தது, குறுக்கே கோடு கிழித்த வட்டம்.
எங்கள் பேச்சில் அது ஓரெழுத்து ஒருமொழி.
பொருள்: தீவு.
சரியான துறைக்குத்தான் வந்திருக்கிறோம்
என்று நம்பிவிட்டார் ஐனர்.

அதன் பிறகு கடல் ஒதுக்கிய குப்பை.
குப்பைக்கு நடுவே, நனையாமல், அந்தப் பொய்த்தேதி.
அழித்தார்.
மெய்த்தேதியை இட்டார்,
எழுத்துக்கு எழுத்து, நீளம் பிசகாமல்.
நாற்பது வருடம் கப்பல் குறிப்பேடு எழுதிய கை.
அப்புறம், 'சேமி'.

மூழ்கிவிட்டது.

நோட்பேடுக்குச் சுழி புரியாது.
சுழியைக் கண்ட இடத்திலெல்லாம்
ஒன்றுமில்லை போல என்று
ஓர் இடைவெளியை வைத்துவிட்டது.
இன்மை வேறு, இடைவெளி வேறு.
இடைவெளிக்குத் தனியாக எண்ணே இருக்கிறது,
முப்பத்திரண்டு.

"பெயரில் ஜேபெக் என்றுதானே இருக்கு?" என்றார்.
பெயரில் இருப்பது விகுதி, புள்ளிக்குப் பின்னால் நாம் ஒட்டுவது.
பிஸ்கட் டப்பாவில் நீங்கள் ஆணி போட்டு வைப்பதில்லையா?
உள்ளே இருப்பது என்ன என்பதை
முதல் சில பைட்டுகள்தான் சொல்லும்.
கோப்புக்கும் தலையெழுத்து உண்டு.

"அதையா அழித்தேன்?"
இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே.

ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தேன்.
தலைப்பகுதியில் சுழிகளைக் கையால் திருப்பி வைத்தேன்.
உடலில் ஒரே ஒரு விதி உதவியது:
இருநூற்றைம்பத்தைந்தின் பக்கத்தில் முப்பத்திரண்டு குடியிருக்காது.
இருந்தால், அங்கே முன்பு சுழி.
மற்ற இடைவெளிகளில் எது பிறவியிலேயே இடைவெளி,
எது நேற்று ராத்திரி வந்தது?
தெரியாது. ஊகித்தேன்.
நிறைய இடங்களில் தப்பாக.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கையில்
மேலிருந்து வரி வரியாக வந்தது.
வானம்.
பாய்மர நுனி.
பச்சைத் தொப்பி, நெற்றி, ஒரு புருவம்.
அதற்குக் கீழே எல்லாம் வழுக்கிப்போய்
ஊதாவும் சாம்பலுமாகப் பட்டை பட்டையாய்.

"தோர்கில்," என்றார். "என் தம்பி.
பத்தாம் வருஷம்தான் விற்றோம் என்று சாதிக்கிறான்.
பத்து என்றால் அவன் பங்கு கூடும்."

தேதி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"இது சாட்சிக்கு ஆகுமா?"
தேதி உண்மைதான், என்றேன்.
எழுதியது நீங்கள்.

அந்தப் புருவத்தை வெகுநேரம் பார்த்தார்.
அசல் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.
"கேமரா அவனுடையது.
அட்டையும் அங்கேதான் இருக்கும். அவன் எதையும் தூக்கிப் போடமாட்டான்."

ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.
ஸ்வென்போர்க் ஃபெரி எத்தனை மணிக்கு என்றார்.
அட்டவணை பிடிஎஃப். ஒரே சொடுக்கில் திறந்தது.
எதையும் திருத்திவிடாதீர்கள், என்றேன்.

"நேரம் சரியாகத்தானே இருக்கு,"
என்று சொல்லிக்கொண்டே
மழைக்கோட்டின் பொத்தானைத் தேடினார்.